பேச அறியாத பிள்ளைக்கு யார் சாட்சி?



காது கேளாத ஒரு குழந்தைக்குச் செவித்துணைக் கருவி வாங்கிக் கொடுத்துவிட்டால் நம்முடைய கடமை முடிந்தது என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். மூக்குக் கண்ணாடி போட்டவர், "இப்போது எழுத்து தெரிகிறது" என்று உடனே சொல்லிவிடுகிறார். காதுக் கருவி மாட்டிக்கொண்ட தாத்தாவும், "சத்தம் அதிகமாக இருக்கிறது, சற்றுக் குறையுங்கள்" என்று சொல்லத் தயங்கமாட்டார். ஆனால் ஐந்து மாதக் குழந்தை என்ன சொல்லும்? கருவியைப் பிடுங்கி வாயில் வைத்துக்கொள்ளும். அது கேட்பதனால் சிரிக்கிறதா, தாயின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறதா என்று யாரால் சொல்ல முடியும்?

கருவி பொருத்திய பின் பெற்றோர் கேட்கும் கேள்வி ஒன்றே: "என் பிள்ளைக்கு இப்போது கேட்கிறதா?" இந்தக் கேள்விக்குக் குழந்தையின் மூளையிடமிருந்தே பதில் தேடும் ஒரு பரிசோதனையைப் பற்றி இம்முறை படிப்போம். மாதர் ஐக்கிய சங்கத்திலும் வாலிபர் கூட்டத்திலும் கலந்து பேச உதவியாகக் கடைசியில் சில கேள்விகளும் தரப்பட்டுள்ளன.

1. காலம் காத்திருப்பதில்லை

காது ஒரு வாசல் மட்டுமே. சத்தம் அதன் வழியாக உள்ளே சென்று, நரம்பில் ஏறி, மூளையின் மேற்புறணியை அடைந்த பிறகுதான் "கேட்டல்" என்பது நடக்கிறது. அந்த மேற்புறணி பிறக்கும்போதே முழுமையாகத் தேறிவிட்ட ஒன்றல்ல. சத்தம் வர வரத்தான் அது கேட்கக் கற்றுக்கொள்கிறது. சத்தம் வராமலே ஆண்டுகள் கடந்துபோனால், அந்த இடம் வேறு வேலைகளுக்குப் போய்விடுகிறது.

1998-இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் கிறிஸ்டின் யோஷினாகா-இட்டானோ அம்மையாரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். செவிக்குறை ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்டு உதவி பெற்ற பிள்ளைகள், பிந்திக் கண்டறியப்பட்டவர்களைக் காட்டிலும் மொழியில் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். ஒரு மாதத்துக்குள் முதற்சோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், ஆறு மாதத்துக்குள் உதவி என்னும் ஒழுங்கு பல நாடுகளில் பின்பற்றப்படுவதற்கு இத்தகைய ஆய்வுகள் பெரிதும் துணைநின்றன. நம் நாட்டில் 2013-இல் தொடங்கிய ராஷ்ட்ரீய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் என்னும் அரசுத் திட்டமும், குழந்தைகளிடம் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய குறைகளில் ஒன்றாகப் பிறவிக் காது கேளாமையைச் சேர்த்திருக்கிறது.

2002-இல் அனு சர்மா என்னும் ஆராய்ச்சியாளரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் வேறொரு முக்கியமான உண்மையை வெளியிட்டார்கள். பிறவியிலேயே காது கேளாத பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சையால் காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்தபின், சத்தத்துக்கு அவர்களுடைய மூளை எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறது என்று அளந்து பார்த்தார்கள். மூன்றரை வயதுக்குள் வைக்கப்பட்ட பிள்ளைகளிடம் அந்த வேகம் பெரும்பாலும் வயதுக்கேற்ற அளவை எட்டியது. ஏழு வயதுக்குப் பின் வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எட்டவில்லை.

ஆகவே ஆபத்து எங்கே இருக்கிறதென்று கவனியுங்கள். ஆறு மாதத்தில் கருவி பொருத்தியாயிற்று. ஆனால் அது தேவைக்குக் குறைவான சத்தம் தருகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வயதில் எந்தக் குழந்தையும் பேசப்போவதில்லை. ஒரு வயது தாண்டி, ஒன்றரை வயதும் தாண்டி, "இன்னும் அம்மா என்றுகூடச் சொல்லவில்லையே" என்று வீட்டார் கவலைப்படும்போதுதான் பிழை வெளிப்படும். அதற்குள் பொன்னான ஒரு வருடம் போய்விடுகிறது. மறுபுறம், தேவைக்கு மிஞ்சிய சத்தமும் தீங்குதான். மிஞ்சியிருக்கும் சிறிதளவு கேள்விச் சக்தியையும் அது கெடுத்துவிடக்கூடும்.

2. பெரா சொல்வதும் சொல்லாததும்

நம் வாசகர்களில் பலர் "பெரா" என்னும் சொல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தையைத் தூங்கவைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னும் எலெக்ட்ரோடு என்னும் சிறு உலோகத் தகடுகளை ஒட்டி, காதில் "டிக் டிக்" என்று சத்தம் கொடுத்து எடுக்கும் பரிசோதனை அது. 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் டான் ஜூவெட் என்பவரும் அவருடைய தோழர்களும் இதற்கு அடித்தளமிட்டார்கள். சத்தம் கேட்ட முதல் பத்து மில்லிசெகண்டுக்குள், அதாவது ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்குள், செவி நரம்பும் மூளைத் தண்டும் காட்டும் அசைவை அது பதிவு செய்கிறது. குழந்தைக்கு எவ்வளவு குறை இருக்கிறது என்பதை மதிப்பிட இதுவே முதன்மையான வழி. கருவியை எந்த அளவில் வைப்பது என்ற முதற்கணக்கும் இதைக்கொண்டே போடப்படுகிறது.

ஆனால் கருவி மாட்டிய பின் நம் கேள்விக்குப் பதில் சொல்ல பெரா அவ்வளவாக உதவுவதில்லை. அதில் கொடுக்கப்படும் சத்தம் மிகக் குறுகியது. செவித்துணைக் கருவியோ மனிதர் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. அந்தச் சிறு சொடுக்கைப் பேச்சைக் கையாள்வது போலக் கையாளாது. மேலும் பெரா காண்பது பாதி வழி மட்டுமே. கடிதம் ஊர்த் தபால் நிலையம் வரை வந்தது என்று அது சொல்லும். வீட்டுக்காரர் கையில் கொடுக்கப்பட்டதா என்று சொல்லாது.

கருவியைச் சரிபார்க்க இன்னொரு முறையும் உண்டு. மெல்லிய குழாய் ஒன்றைக் குழந்தையின் காதுக்குள் வைத்து, செவிப்பறைக்கு அருகே எவ்வளவு சத்தம் போய்ச் சேருகிறது என்று அளக்கிறார்கள். குழந்தையின் காதுத் துளை சிறியது. ஆகவே பெரியவர் காதில் தரும் சத்தத்தைவிட அதிகச் சத்தத்தை அதே கருவி குழந்தையின் காதில் உண்டாக்கும். எனவே இந்த அளவீடு கட்டாயம் தேவை. வேறு எந்தப் பரிசோதனையும் இதற்கு மாற்றாகாது. ஆயினும் இதுவும் செவிப்பறையோடு நின்றுவிடுகிறது. அதற்கப்பால் நடப்பது என்ன?

3. மூளையைக் கேட்கும் முயற்சி

மனித மூளையின் மின் அலைகளைத் தலைக்கு வெளியிலிருந்தே பதிவு செய்யலாம் என்று ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர் 1929-இல் எழுதினார். விழித்திருக்கும் மனிதருடைய மூளை அலைகளில் சத்தம் உண்டாக்கும் மாற்றத்தை 1939-இல் அமெரிக்காவின் பாலின் டேவிஸ் அம்மையார் வெளியிட்டார். ஆனால் இந்த மாற்றம் மிக நுண்ணியது. மூளையின் மற்ற ஓயாத அலைகளுக்குள்ளே அது மறைந்துபோகிறது. கணிப்பொறி வந்த பின்னரே அதை நம்பத்தக்க விதமாகப் பிரித்தெடுக்க முடிந்தது.

அதன் தந்திரம் எளிது. திருவிழாக் கூட்டம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு மனிதர் ஒரே இடத்தில் எழுந்து நிற்கிறார். மற்றவர்கள் தங்கள் இஷ்டப்படி அலைகிறார்கள். ஒரு படத்தில் அவரைக் கண்டுபிடிக்க முடியாது. மணி அடிக்கும் நேரத்தில் எடுத்த நூறு படங்களை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், அலைகிறவர்கள் மங்கிப்போவார்கள். எழுந்து நின்றவர் மட்டும் தெளிவாகத் தெரிவார். அதுபோல ஒரே சத்தத்தைப் பலமுறை கொடுத்துச் சராசரி எடுக்கும்போது மூளையின் பதில் வெளிப்படுகிறது.

இதைச் செவித்துணைக் கருவி அணிந்த சிறு குழந்தைகளுக்கு ஏற்றபடி அமைத்ததில் ஆஸ்திரேலியாவுக்கு முக்கிய பங்குண்டு. அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது. 1941-இல் சிட்னி நகரின் கண் மருத்துவர் நார்மன் கிரெக், கர்ப்ப காலத்தில் தாய்க்கு ருபெல்லா அம்மை கண்டால் பிறக்கும் குழந்தையின் கண்ணைப் பாதிக்கக்கூடும் என்று கண்டறிந்தார். அப்படிப் பிறந்த பல குழந்தைகளுக்குக் காதும் கேட்கவில்லை என்பது சீக்கிரமே தெரியவந்தது. அந்தப் பிள்ளைகளுக்கும், போரில் செவித்திறன் இழந்து திரும்பிய வீரர்களுக்கும் உதவவே அந்நாட்டு அரசு ஒலியியல் ஆய்வகத்தை ஏற்படுத்தி, 1948-இல் அதற்கென்று சட்டமும் இயற்றியது. பிற்காலத்தில் நேஷனல் அகூஸ்டிக் லேபரட்டரீஸ் என்று பெயர் பெற்ற அந்த நிறுவனம், 2000-க்குப் பின் வந்த ஆண்டுகளில் ஹியர்லாப் என்னும் சாதனத்தை உருவாக்கியது. அந்நாட்டின் அரசு செவிப்புலன் நிலையங்களிலும் குழந்தைகளுக்கு இப்பரிசோதனை செய்யப்பட்டது.

4. பரிசோதனை நடக்கும் விதம்

பெராவுக்குக் குழந்தை தூங்க வேண்டும். இதற்கோ குழந்தை விழித்திருக்க வேண்டும். ஆனால் அமைதியாகவும் இருக்க வேண்டும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இதன் கஷ்டம் சொல்லாமலே விளங்கும்! குழந்தை தாயின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. எதிரே ஒருவர் சத்தமில்லாத பொம்மையைக் காட்டுகிறார், அல்லது சத்தமில்லாத கார்ட்டூன் படம் ஓடுகிறது. உச்சந்தலையிலும் நெற்றியிலும் காதுக்குப் பின்னும் எலெக்ட்ரோடுகள் ஒட்டப்படுகின்றன. ஊசி இல்லை, வலி இல்லை, மின்சாரம் உள்ளே செலுத்தப்படுவதும் இல்லை. கருவி குழந்தையின் காதில், அன்றாடம் இருப்பது போலவே இருக்கிறது.

ஒலிபெருக்கியிலிருந்து பேச்சிலிருந்து எடுத்த சிறு ஒலிகள் வருகின்றன. "ம்" என்பது தாழ்ந்த சுருதியுள்ள ஒலி, "க்" என்பதன் மெல்லிய உச்சரிப்பு நடுச்சுருதி, "ட்" உயர்ந்த சுருதி. மெதுவான பேச்சுக்கு 55 டெசிபெல், சாதாரண உரையாடலுக்கு 65, உரத்த பேச்சுக்கு 75 என்ற அளவுகளில் அவை ஒலிக்கும். ஒரு நொடிக்குச் சற்றுக் கூடுதலான இடைவெளி விட்டு, ஒரே ஒலி நூறு தடவைக்கு மேலும் திரும்பத் திரும்பக் கொடுக்கப்படும்.

மேற்புறணிக்குச் சத்தம் எட்டினால், சிறு குழந்தையிடம் ஏறக்குறைய 200 மில்லிசெகண்டு கழித்து, அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு கழித்து, ஒரு மேட்டலை தோன்றும். பிள்ளை வளர வளர அது இன்னும் சீக்கிரம் தோன்றும். அலை இருக்கிறதா இல்லையா என்பதை நிபுணரின் கண் மட்டும் தீர்ப்பதில்லை; கணிப்பொறியும் கணக்கிட்டுச் சொல்கிறது. வெறும் தற்செயலாக இப்படி வருவதற்கு நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான வாய்ப்பே உண்டு என்று தெரிந்தால் மட்டுமே "பதில் உண்டு" என்று கொள்ளப்படும்.

5. பதில் வந்தபின் என்ன?

எட்டு மாதக் குழந்தை ஒன்றை உதாரணமாக எண்ணிப் பார்ப்போம். 65 டெசிபெலில் "ம்" ஒலிக்கும் "க்" ஒலிக்கும் நல்ல பதில் வருகிறது. "ட்" ஒலிக்கு வரவில்லை. இந்தப் பிள்ளை "அம்மா" என்ற அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கும். வீட்டாரும் "நன்றாகக் கேட்கிறது" என்று மகிழ்ந்துவிடுவார்கள். ஆனால் உயர்ந்த சுருதியுள்ள மெய்யொலிகள் அதற்கு எட்டாமல் போகின்றன. "பட்டு", "பத்து", "பஸ்" ஆகிய சொற்கள் அதற்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது நிபுணர் முதலில் எளிய காரணங்களைத் தேடுவார். பேட்டரி தீர்ந்துவிட்டதா? காதுக்குள் வைக்கும் மோல்டு தளர்ந்து சத்தம் கசிகிறதா? குழாயில் ஈரம் அடைத்திருக்கிறதா? எல்லாம் சரியென்றால், உயர்சுருதிக்கான அளவைக் கவனமாகக் கூட்டி மறுபடியும் சோதிப்பார். எவ்வளவு செய்தும் பலமுறை பதில் இல்லையென்றால், மற்றப் பரிசோதனைகளோடு சேர்த்துப் பார்த்து, காக்ளியர் இம்ப்ளான்டைப் பற்றிப் பெற்றோரோடு காலதாமதமின்றிப் பேசுவார். ஒரு வருடம் கழித்துத் தெரிய வேண்டியது ஒரு மாதத்தில் தெரிந்துவிடுகிறது.

இந்தப் பரிசோதனை விசேஷமாக உதவும் பிள்ளைகள் சிலர் உண்டு. குறைமாதத்தில் பிறந்தவர்களிடமும், பிறந்தவுடன் கடுமையான மஞ்சள்காமாலை கண்டவர்களிடமும் ஆடிட்டரி நியூரோபதி என்னும் நிலை காணப்படுவதுண்டு. காதின் உட்பகுதி வேலை செய்யும். ஆனால் நரம்பில் செய்தி ஒழுங்காக, ஒரே சீராகச் செல்லாது. இவர்களிடம் பெராவில் அலையே தெரியாது. அதைக்கொண்டு எவ்வளவு கேட்கும் என்று கணக்கிடவும் முடியாது. 2002-இல் மெல்போர்னில் கேரி ரான்ஸ் என்பவரும் உடன் பணியாளர்களும் இத்தகைய பிள்ளைகளின் மேற்புறணிப் பதிலைச் சோதித்தபோது, ஏறக்குறைய பாதிப்பேரிடம் பதில் இருந்தது. அந்தப் பிள்ளைகளே செவித்துணைக் கருவியால் பேச்சைப் புரிந்துகொள்வதில் நல்ல பயன் பெற்றவர்கள். தபால் நிலையத்தில் பதிவு இல்லாவிட்டாலும் சில வீடுகளுக்குக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது!

6. சாட்சிக்கும் எல்லை உண்டு

பிரியமானவர்களே, புதிய பரிசோதனை ஒன்றைக் கேள்விப்பட்டதும் அதுவே இறுதித் தீர்ப்பு என்று எண்ணிவிடலாகாது. மூளையின் அலை ஒரு சாட்சி, நீதிபதி அல்ல. ஒரு சாட்சியின் சொல்லை எப்படி நிதானிப்போமோ அப்படியே இதையும் நிதானிக்க வேண்டும்.

முதலாவது, அலை வரவில்லை என்பதனால் கேட்கவில்லை என்று முடிவு செய்யக் கூடாது. சத்தம் நன்றாகக் கேட்கும் சில குழந்தைகளிடமும் அலை தெரியாமல் போவதுண்டு. குழந்தை அழுதிருக்கலாம், தூங்கி வழிந்திருக்கலாம், கைகாலை ஆட்டியிருக்கலாம். ஒரே நாளின் ஒரு பரிசோதனையை வைத்துத் தாயின் நம்பிக்கையை முறித்துவிடக் கூடாது.

இரண்டாவது, அலை வந்ததனால் புரிகிறது என்றும் சொல்ல முடியாது. சத்தம் மேற்புறணியை எட்டியது என்பதே அதன் பொருள். "பல்" என்பதற்கும் "கல்" என்பதற்கும் வித்தியாசம் அறிவது பழக்கத்தினாலும் போதனையினாலும் வரவேண்டியது.

மூன்றாவது, அலை பெரிதாக இருந்தால் கருவி அதிகம் உதவுகிறது, சிறிதாக இருந்தால் உதவவில்லை என்று அளவெடுக்கக் கூடாது. சத்தத்தைக் கூட்டும்போது கருவி பின்னணி இரைச்சலையும் கூட்டுகிறது. ஆகவே அலையின் உயரம் கருவிக்கு மார்க் போடுவதில்லை.

ஆனபடியால் நல்ல நிலையங்களில் பல சாட்சிகளையும் சேர்த்தே விசாரிக்கிறார்கள்: காதுக்குள் குழாய் வைத்து எடுக்கும் அளவு, மூளையின் பதில், சத்தம் வந்த திசையில் திரும்பினால் ஒளிரும் பொம்மையைக் காட்டிச் செய்யும் சோதனை, கடைசியாக, ஆனால் எவ்விதத்திலும் குறைவில்லாமல், பெற்றோரின் சொல். பொம்மைச் சோதனை பொதுவாக ஆறேழு மாதத்துக்கு மேல்தான் கைகூடும். தலை நிற்காத பிள்ளைகளுக்கும், வளர்ச்சிக் குறையுள்ள பிள்ளைகளுக்கும் அது மேலும் தாமதமாகும். அந்த இடைவெளியில்தான் மூளைப் பரிசோதனையின் மதிப்பு மிகுதி.

7. வீட்டில் நடக்கும் பரிசோதனை

இந்தச் சாதனம் இல்லாத ஊர்களிலும் செய்யக்கூடியது ஒன்றுண்டு. டேனியல் லிங் என்ற கல்வியாளர் ஆறு ஒலிகளைக்கொண்ட எளிய சோதனை ஒன்றை வகுத்தார்: ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ். தாழ்ந்த சுருதியிலிருந்து உயர்ந்த சுருதிவரை பேச்சின் எல்லையை இந்த ஆறும் சுற்றி வருகின்றன. கருவியை மாட்டியபின், தாய் தன் வாயைப் பிள்ளை பார்க்காதபடி பின்னாலோ பக்கத்திலோ இருந்து, ஒவ்வொன்றாகச் சாதாரணக் குரலில் சொல்லிப் பார்க்கிறார். சிறு குழந்தை கண்ணை அகல விரிக்கும், விளையாட்டை நிறுத்தும், அல்லது திரும்பும். நேற்று "ஸ்" ஒலிக்குத் திரும்பிய பிள்ளை இன்று திரும்பவில்லையென்றால் கருவியைப் பார்க்க வேண்டும். இதைக் குறித்துவைத்துக் கொண்டுவரும் தாய், நிபுணருக்கு எவ்வளவு பெரிய உதவி செய்கிறார் என்பதை அவர் அறியாமலிருக்கலாம். நாம் அதை அவருக்குச் சொல்ல வேண்டும்.

ஆதரவாளர்களாகிய நமக்கும் இதில் ஒரு பாடம் இருக்கிறது. கருவி ஒருமுறை கொடுத்து முடித்துவிடும் பொருள் அல்ல. குழந்தையின் காது வளர்கிறது. முதல் வருடத்தில் சில மாதங்களுக்கொருமுறை புது மோல்டு தேவைப்படும். இல்லாவிட்டால் கருவி "கீச்" என்று கத்தும். வீட்டார் அதைக் கழற்றிப் பெட்டியில் வைத்துவிடுவார்கள். பேட்டரி ஒன்றிரண்டு வாரங்களில் தீர்ந்துபோகும். மறுபரிசோதனைக்குப் பஸ் செலவும், ஒருநாள் கூலி இழப்பும் உண்டு. பெட்டியில் கிடக்கும் கருவியைப் பார்த்து எந்த மூளையும் பதில் சொல்லாது.

"கொஞ்ச நாள் போட்டுப் பார்த்தோம், ஒரு மாற்றமும் இல்லை" என்று சோர்ந்துபோகும் தகப்பனுக்கு, திரையில் எழும் ஒரு சிறு மேட்டைக் காட்டி, "ஐயா, இதோ உங்கள் குரல் போகவேண்டிய இடத்துக்கு வழி திறந்திருக்கிறது, தொடர்ந்து பேசுங்கள்" என்று சொல்ல முடிந்தால், அந்தப் பரிசோதனை தன் வேலையைச் செய்துவிட்டது. அதன்பின் வேலை அந்த வீட்டாருடையது. விழித்திருக்கும் நேரமெல்லாம் கருவி காதில் இருக்கவும், தாலாட்டும் கதையும் திட்டும் கொஞ்சலும் ஓயாமல் அந்தக் காதில் விழவும் வேண்டும்.

கலந்து பேச

1. செவித்துணைக் கருவி பொருத்திய குழந்தைக்கு "கேட்கிறது" என்று நாம் எதைக்கொண்டு முடிவு செய்கிறோம்? அதில் தவறு நேர எங்கெங்கே இடமுண்டு?

2. பெரா பரிசோதனைக்கும் மேற்புறணிப் பரிசோதனைக்கும் உள்ள இரண்டு வேறுபாடுகளைச் சொல்லுங்கள்.

3. "அலை வரவில்லை" என்ற முடிவைப் பெற்றோருக்கு எப்படிச் சொல்வது நல்லது? எதைச் சொல்லக் கூடாது?

4. நம் சபையிலோ தெருவிலோ கருவி அணிந்த பிள்ளை இருக்கிறதா? அந்தக் கருவி தினமும் காதில் இருக்கிறதா? இல்லையென்றால், பேட்டரி, மோல்டு, பஸ் செலவு, சோர்வு ஆகியவற்றில் தடை எது? அதை நீக்க நாம் இந்த மாதம் செய்யக்கூடியது என்ன?